டிரில் மாஸ்டர் வளர்த்த களை

வடிவம்மைக்குச் சீடர் என்று ஒருவர்தான் இருந்தார். அவரும் அம்மையைவிட இருபது வயது மூத்தவர்.

பெயர் குற்றாலிங்கம். கோவில்பட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றதே தவிர, குரல் பெறவில்லை. அவர் டீக்கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்டால்கூட, பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் காலைச் சேர்த்து வைத்து உட்காருவார்கள்.

மனைவி போன பிறகு அவர் புளியநத்தம் மடத்துக்கு வந்துவிட்டார். கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு மேடு. அதன்மேல் சின்னதாக ஒரு சிவன் கோயில், கோயிலை ஒட்டி மடம், மடத்தை ஒட்டிக் காய்கறித் தோட்டம். கோயிலைச் சுற்றி வெறும் நிலம் நிறையக் கிடந்தது. மடத்தைப் பார்த்துக்கொண்டது வடிவம்மை. கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவர் நேராகப் பதில் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. ஆனாலும் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

குற்றாலிங்கம் வந்து சேர்ந்த அன்றைக்கே கேட்டார்.

“வேலை பார்த்த காலம் பூரா ‘நான் சொல்லுதேன், நீ கேளு’ன்னே வாழ்ந்துட்டேன்மா. இந்த நான்ங்கிறத எங்க கொண்டுபோய் இறக்கி வைக்க?”

“சாப்பிட்டீங்களா ஐயா?” என்றார் வடிவம்மை.

“இல்லம்மா.”

“முதல்ல சாப்பிடுங்க.”

அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. குற்றாலிங்கம் மறக்கவில்லை. யோசித்துப் பார்த்து, தொண்டு செய்தால் அது தானாகக் கரையும் என்று முடிவுகட்டிக்கொண்டார்.

தொண்டு அவருக்குப் புதிதில்லை. கோவில்பட்டியில் ஒரு உழவாரக் குழுவைத் தொடங்கி நடத்தியவர் அவர். ஞாயிற்றுக்கிழமையானால் ஏதாவது ஒரு பழைய கோயிலுக்குப் போவார்கள். புல் செதுக்குவார்கள், முள் வெட்டுவார்கள், பிராகாரம் கூட்டிக் கழுவுவார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி காவி பனியன். குற்றாலிங்கம் அவர்களை வரிசையாக நிறுத்தி, விசில் ஊதித்தான் செதுக்க விடுவார். அவர்கள் போய்வந்த கோயில் மொட்டை போட்ட தலை மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் புரட்டாசியில், தங்கை மகளின் பிரசவத்துக்காக வடிவம்மை தென்காசி போனார். அம்மை திரும்பி வரும்போது கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று குற்றாலிங்கத்துக்கு ஆசை. குழுவை வரவழைத்தார். கோயிலைச் சுற்றிக் காய்ந்து நின்ற செடி செத்தை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி, கும்பலாகக் குவித்து, தீ வைத்தார்கள். புகை அடங்கியபோது நிலம் துடைத்துவிட்ட மாதிரிக் கிடந்தது.

வடிவம்மை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தார். குற்றாலிங்கம் வாசலிலேயே நின்றார்.

“பாருங்கம்மா. ஒரு களை இல்ல.”

வடிவம்மை நிலத்தைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

“மழைக்கு அப்புறம் பூசைக்குத் தும்பை எங்க பறிக்க?”

“அதுக்கா கவலைப்படுதீங்க? கோவில்பட்டிப் பூக்கடையில சொல்லி வச்சாச்சு. நல்லா நெருக்கமாக் கட்டித் தருவான்.”

“அவருக்கு எங்கேருந்து வருது?”

“எங்கயாவது காட்டுலேருந்து கொண்டாருவான்.”

“தும்பைச் செடியை நீங்க பார்த்திருக்கீங்களா ஐயா?”

 குற்றாலிங்கம் தும்பையை மாலையில் பார்த்திருக்கிறார். லிங்கத்தின் தலையில் பார்த்திருக்கிறார். பார்த்தபோதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். செடியாக, அதுவும் பூ இல்லாமல் வெயிலில் காய்ந்து நிற்கிற செடியாக, பார்த்ததில்லை. தும்பையைப் பிடுங்கி எரித்துவிட்டுத் தும்பை மாலைக்குச் சொல்லிவைத்த முதல் சிவத்தொண்டர் அவராகத்தான் இருக்கும்.

“கால் கழுவிட்டு வாரேன்,” என்று உள்ளே போனார் வடிவம்மை.  திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது குற்றாலிங்கத்துக்கு.

புளியநத்தம் மடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மார்கழித் திருவாதிரை அன்று ஊருக்கே களியும் தாளகமும் போடுவார்கள். தாளகம் என்பது பல காய்களைச் சேர்த்து வைக்கிற குழம்பு. அதில் விழுகிற காய் எல்லாம் மடத்துத் தோட்டத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும். கடைக்காய் அந்தச் சட்டிக்குள் போனதே இல்லை. ஊர்க்காரர்கள் இதை வெளியூர்ச் சம்பந்தக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

காய்களில் முக்கியமானது பூசணி. கார்த்திகையில் பூசணிக்கொடி தோட்டம் முழுக்க ஓடி, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. குற்றாலிங்கம்தான் தண்ணீர் பாய்ச்சினார். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு தெரியும். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். பிறகு அந்தப் பிஞ்சு மஞ்சளடித்து, வெம்பி, கீழே விழுந்துவிடும். ஒன்றல்ல, எல்லாம் அப்படியே விழுந்தன.

உரம் வைத்தார். சாம்பல் தூவினார். கண்ணேறு பட்டிருக்கும் என்று தோட்டத்து மூலையில் ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார். பொம்மை நன்றாக இருந்தது. பிஞ்சு விழுந்துகொண்டே இருந்தது.

“ஏம்மா காய் பிடிக்க மாட்டேங்குது?” என்று கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் வடிவம்மை அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நீளக் காம்பில் நின்ற ஒரு பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துப்போட்டுவிட்டு, நடுவில் இருந்த தண்டை அவர் கையில் கொடுத்தார். அதில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது.

“அடியில பிஞ்சோட ஒரு பூ இருக்கு பாருங்க. அதுக்குள்ள இந்தத் தூளைத் தடவுங்க.”

குற்றாலிங்கம் குனிந்து தடவினார்.

“அவ்வளவுதானாம்மா?”

“அடுத்ததுக்கும் தடவுங்க.”

“எத்தனை பூவுக்கு?”

“இருக்கிற பூவுக்கெல்லாம். வெயில் ஏறுனா அது வாயை மூடிக்கிடும். சீக்கிரம் பாருங்க.”

பூசணி இலைக்கு அடியில் தலையை நுழைத்துப் பூவைத் தேட வேண்டும். இலைச் சுணை பட்டு முகமெல்லாம் அரித்தது. நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. மண்டியிட்டு நகர்ந்து நகர்ந்து போனார். வெயில் ஏறியது. பூக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

வடிவம்மை மோர் கொண்டுவந்தார்.

“முடிஞ்சுதா?”

“பாதிகூட ஆகலம்மா. இடுப்பு கழண்டுபோச்சு. இத்தனை வருஷம் இந்த வேலையை யாரு பார்த்தா?”

“புரட்டாசியில நீங்க வேலையை விட்டு நிறுத்துனீங்கள்ல, அவங்கதான்.”

குற்றாலிங்கம் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். ஒரு தேனீ இல்லை. ஒரு வண்டு இல்லை. இவ்வளவு பூ பூத்துக் கிடக்கிற தோட்டத்தில் சத்தமே இல்லை.

“பூசணிப் பூ இங்கதானம்மா இருக்கு. அதுக்கு வரலாம்லா?”

“உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் இலை போட்டுட்டு, மத்த நாள் பூரா ஊர்ல ஒரு அடுப்பு எரியாமப் பார்த்துக்கிட்டா, அந்த ஊர்ல யாரு ஐயா குடியிருப்பாங்க?”

குற்றாலிங்கம் மோரைக் குடிக்கவில்லை.

திருவாதிரை வந்தது. அவர் தடவிய பூக்களில் சில காய்த்திருந்தன. அவை ஒரு பந்திக்குக்கூடக் காணாது. வேறு வழியில்லாமல் கோவில்பட்டிச் சந்தையிலிருந்து பூசணி வந்தது.

ஊர் பந்தியில் உட்கார்ந்தது. ஆடு மேய்க்கிற வெள்ளத்தாயி ஒரு வாய் வைத்தாள். குழம்பைக் குனிந்து பார்த்தாள். பரிமாறிக்கொண்டிருந்த குற்றாலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன மாஸ்டர், பூசணி பஸ்ல வந்துச்சா, லாரியில வந்துச்சா?”

பந்தி சிரித்தது. கிண்டல்தான், வஞ்சகம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாளியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் களி சாப்பிடவில்லை. வடிவம்மையிடம் போய் நின்றார்.

“அம்மா, அடுத்த திருவாதிரைக்கு இந்தச் சட்டியில மடத்துப் பூசணி விழணும். விழலேன்னா நான் பெட்டியக் கட்டிட்டுப் போயிருதேன். கெடுத்தவன் இங்க உக்காந்து சோறு திங்கக் கூடாது.”

“தும்பை விதை எப்படி இருக்கும்னு தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“கண்மாய்க் கரைக்குப் போய்ப் பாருங்க,” என்றார் வடிவம்மை.

தை மாசம் முழுக்க அவரைக் கண்மாய்க் கரைகளில் பார்க்கலாம். காய்ந்த தும்பைக் கொண்டைகளை ஒடித்து உள்ளங்கையில் கசக்குவார். ஊதினால் பதர் பறக்கும். கறுப்பாகக் கடுகைவிடச் சின்னதாக விதை நிற்கும். தோளில் ஒரு துணிப்பை. கேட்டவர்களிடம் மருந்துக்கு என்று சொல்லிவைத்தார். களை விதை பொறுக்குகிறேன் என்று எப்படிச் சொல்வது?

பிறகு விதைத்தார். நூல் பிடித்து, பாத்தி கட்டி, அசெம்பிளியில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி வரிசை போட்டார். சாணி எரு போட்டார். காலையும் மாலையும் ஓஸ் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார். செடி வந்தது. பார்க்கிறவர்கள் அசந்துபோகிற மாதிரி வந்தது. விரல் நீளத்துக்கு இலை, இடுப்பு உயரம். பிறகு நிற்க முடியாமல் சாய்ந்தது. இலை இருந்தது, தண்டு இருந்தது. பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. எப்போதாவது ஒரு தேனீ வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

“ஒரு குறையும் வைக்கலையே. ஏம்மா பூக்க மாட்டேங்குது?”

“சாப்பிட வாங்க,” என்றார் வடிவம்மை.

அன்றைக்கு அவரே பரிமாறினார். சாம்பார் சோறு முடிந்ததும் இன்னொரு கரண்டி. ரசத்துக்கு இரண்டு கரண்டி. போதும் என்று இலையை மறைத்த கையை விலக்கிவிட்டு இன்னும் ஒன்று. மோருக்கு மறுபடி. அம்மை கையால் போடுவதை வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் குற்றாலிங்கம் தின்றுகொண்டே இருந்தார். நெற்றியில் வேர்த்தது. கடைசியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

“போதும் தாயே. இதுக்கு மேல எந்திரிக்கவே முடியாது.”

“எந்திரிச்சு ஒரு தடவை ஓடிட்டு வாங்களேன்.”

“விளையாடுதீங்களா? மூச்சே விட முடியல.”

“பூ மட்டும் எப்படி எந்திரிக்கும்?” என்று கேட்டுவிட்டு, வடிவம்மை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று சாயங்காலம் குற்றாலிங்கம் ஓஸைச் சுருட்டி வைத்தார். சித்திரை வெயில். தண்ணீரை நிறுத்தியதும் பெருத்த செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. பலது செத்தது.  போய் ஒரு சொம்பு ஊற்றலாமா என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பிழைத்தவை இலையைக் கழித்து, சுருங்கி, முறுக்கேறி நின்றன. பிறகு கொண்டை கொண்டையாகப் பூத்தன. ஆனி வெயிலில் காய்ந்து, தலையை உதறி, நின்ற இடத்திலேயே விதையைக் கொட்டின. பையில் மிச்சம் இருந்ததைக் குற்றாலிங்கமும் கொட்டினார். இந்தத் தடவை நூல் பிடிக்கவில்லை. அள்ளி வீசினார்.

ஆடு உள்ளே போகாமல் கயிறு கட்டினார். வெள்ளத்தாயிக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது.

“என் ஆடே மோந்து பார்த்துட்டுப் போற செடி. அதுக்கு ஒரு காவலா மாஸ்டர்?”

“மிதிச்சிரும்லா.”

“மிதிச்சா என்ன? களைதான?”

“நீ ஆட்டைப் பாரு தாயி,” என்பார். சண்டைக்குப் போக மாட்டார். கயிற்றை இறுக்கிக் கட்டுவார்.

ஐப்பசியில் மழை இறங்கியது. நாலு நாளில் நிலம் முழுக்கப் பச்சைப் புள்ளி. தும்பையோடு கொழிஞ்சியும் வந்தது. பெயர் தெரியாத சிலதும் வந்தன. ஒன்றையும் அவர் பிடுங்கவில்லை. கார்த்திகையில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கோயிலைச் சுற்றி வெள்ளையாகக் கிடந்தது. அவ்வளவும் தும்பை. நிலம் முழுக்க ஒரு முனகல் சத்தம். சின்னக் கொசுத்தேனீ, பெரிய தேனீ, கரிய வண்டு, வெள்ளைப் பட்டாம்பூச்சி என்று எல்லாம் வந்திருந்தன.

பூசணித் தோட்டத்துக்கு ஓடினார். ஒரு பூவுக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு தேனீக்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி உடம்பெல்லாம் மஞ்சள் புழுதியோடு புரண்டுகொண்டிருந்தன.  “நல்லாப் பாருங்கய்யா, நல்லாப் பாருங்க,” என்று அவற்றுக்கே சொன்னார்.

பிஞ்சு விழவில்லை. குண்டு குண்டாகத் திரண்டது. தினமும் காலையில் போய் ஒவ்வொரு காயையும் தட்டிக்கொடுத்துவிட்டு வருவார். அவருடைய மாணவர்கள் பந்தயத்தில் ஜெயித்தபோதுகூட இவ்வளவு பெருமை அவருக்கு வந்ததில்லை.

ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள், “இந்த வருஷம் பூசணி என்னமா பிடிச்சிருக்கு! மழை நல்ல மழை,” என்பார்கள். “அம்மை கைராசி,” என்பார்கள். ‘நான்தான்யா’ என்று நாக்கு நுனி வரை வரும். முழுங்கிவிடுவார். ஒவ்வொரு தடவை முழுங்கும்போதும், இறக்கிவைத்துவிட்டோம், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவைக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

திருவாதிரைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. காவி பனியன்கள் இறங்கின. முன்னால் வந்தவர் தாணுமூர்த்தி. படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், குற்றாலிங்கத்தின் நெடுநாள் சிநேகிதர், அவருக்குப் பிறகு குழுவை நடத்துகிறவர்.

“மாஸ்டர்!” என்று கட்டிப்பிடித்தார். “திருவாதிரை வருதுல்லா, வருஷாந்தரச் சுத்தம் பண்ண வந்தோம். அதோட உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். வேலை முடியட்டும், சொல்லுதேன்.”

வேலை முடியும்வரை தாணுமூர்த்தியால் பொறுக்க முடியவில்லை. வேன் சீட்டில் இருந்ததைத் திறந்து காட்டிவிட்டார். ஒரு பொன்னாடை. தேக்குச் சட்டம் போட்ட ஒரு பட்டம். ‘உழவாரச் செம்மல் குற்றாலிங்கம்’ என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. குழுவைத் தொடங்கியவருக்குக் குழு தருகிற மரியாதை. குற்றாலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாணுமூர்த்தி திரும்பி நிலத்தைப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர் இது? இப்படிக் காடாக் கெடக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“இல்ல தாணு, அது வந்து...”

“ஒண்ணும் சொல்லாதீங்க. வயசாச்சு, ஒத்தை ஆளா என்ன செய்வீங்க? புதுசா மெஷின் வாங்கியிருக்கோம். ஒரு மணி நேரத்துல மொட்டை அடிச்சிருதோம்.”

தும்பையில் விதை இன்னும் முற்றவில்லை. இன்றைக்கு வெட்டினால் அடுத்த வருஷம் ஒன்றும் முளைக்காது. மறுபடியும் விதை பொறுக்க வேண்டும், கண்மாய்க் கரை, வெயில், எல்லாம் முதலிலிருந்து. தேனீயும் போய்விடும்.

குற்றாலிங்கம் மடத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுக்களை வாசலில் வடிவம்மை அரிவாள்மணையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். அம்மை சொல்லிவிடுவார் என்று குற்றாலிங்கம் காத்திருந்தார். ஒரு வார்த்தை போதும். மடம் அம்மையுடையது.

வடிவம்மை அடுத்த கீற்றை எடுத்து நறுக்கினார்.

தாணுமூர்த்தி மெஷினின் கயிற்றை இழுத்தார். இருமிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தார்.

“அம்மா...” என்று கூப்பிட்டார் குற்றாலிங்கம்.

வடிவம்மை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். தாணுமூர்த்தியைப் பார்க்கவில்லை, அவரை மட்டும் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

மெஷின் பிடித்துக்கொண்டது. ஓரத்தில் நின்ற தும்பைகள் சரிந்தன. அவற்றிலிருந்து தேனீக்கள் எழும்பின.

“நிறுத்து!”

கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. தாணுமூர்த்தியின் கை தானாக மெஷினை அணைத்தது. குழுவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஐம்பது வயதுக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அட்டென்ஷனில் நின்றார்கள்.

குற்றாலிங்கம் செடிகளுக்கும் மெஷினுக்கும் நடுவில் வந்து நின்றார்.

“இது நான் வளர்த்தது. ஒவ்வொரு கண்மாய்க் கரையாப் போய், விதை பொறுக்கி, நான் போட்டது. இதுல ஒரு செடியைத் தொடணும்னாலும் என்னைத் தாண்டித்தான் தொடணும்.”

“மாஸ்டர், களைங்க இது.”

“ஆமா, களைதான். நான் வளர்த்த களை!”

பின்னால் யாரோ சிரித்தார்கள். குற்றாலிங்கம் தாணுமூர்த்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் அவரைக் குத்தவைத்து உட்காரச் சொன்னார். இலையை விலக்கிக் காட்டினார். காய்கள் கிடந்தன.

“போன திருவாதிரைக்கு இந்த மடத்துச் சட்டியில கடைக்காய் விழுந்துது. அதுக்குக் காரணம் நான். தும்பைய எரிச்சேன், தேனீ போச்சு, காய் போச்சு. இந்தத் திருவாதிரைக்கு ஊருக்கே போட்டு மிஞ்சும். அதுக்கும் காரணம் நான்தான். போய் அங்க கேட்டுப் பாரு, எப்படிச் சத்தம் கேக்குதுன்னு.”

தாணுமூர்த்தி காயைப் பார்த்தார். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

“போன வருஷம் பிடுங்கச் சொன்னது நீங்கதான மாஸ்டர். விசில் ஊதிப் பிடுங்கச் சொன்னீங்க.”

“ஆமா.”

“அப்ப நாங்க செஞ்ச தொண்டு தப்புங்கீங்களா?”

“நான் செய்யச் சொன்னது தப்பு.”

தாணுமூர்த்தி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். குழு செடியைத் தொடாமல், மேட்டுக்குக் கீழே இருந்த தெப்பக்குளத்துப் படிகளைத் தேய்த்துக் கழுவியது. நன்றாகத்தான் கழுவினார்கள். முடிந்ததும் கைகால் கழுவி, ஆளுக்கொரு டம்ளர் மோர் குடித்து, வேனில் ஏறினார்கள். பொன்னாடையையும் பட்டத்தையும் யாரும் வெளியே எடுக்கவில்லை. களைக்குக் குறுக்கே நின்றவருக்கு உழவாரச் செம்மல் என்று எப்படிப் போர்த்துவது? தாணுமூர்த்தி மட்டும் ஜன்னல் வழியாக, “உடம்பைப் பாத்துக்கிடுங்க மாஸ்டர்,” என்றார். வேன் போய்விட்டது.

குற்றாலிங்கம் சரிந்து கிடந்த தும்பைகளை எடுத்து ஓரமாகப் போட்டார். மற்றவை நின்றன. தேனீக்கள் திரும்பி வந்து உட்கார்ந்தன. அவருக்குச் சிநேகிதரை நினைத்தால் வருத்தமாக இருந்தது. நிலத்தைப் பார்த்தால் பெருமையாக இருந்தது. வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அடுக்களை வாசலுக்கு வந்து நின்றார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா. நீங்க சொன்னா கேட்டிருப்பாங்க.”

“கேட்டிருப்பாங்க. நான் அடுத்த தடவை தென்காசிக்குப் போற வரைக்கும் கேட்டிருப்பாங்க.”

 குற்றாலிங்கம் கீழே உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய குரல் அடங்கிப்போய் வந்தது.

“நான், நான்னு கத்திட்டேன்மா. கணக்கே இல்ல. ஒரு வருஷமா வாயைக் கட்டி வச்சிருந்தேன். யார் வந்து மழைன்னாலும் ராசின்னாலும் சரி சரின்னு கேட்டுக்கிட்டேன். எறக்கி வச்சாச்சுன்னு நெனச்சேன். இன்னிக்கு ஒரு நொடியில அவ்வளவும் வெளிய வந்துட்டு. இப்பக்கூட நெஞ்சு நிமிர்ந்துதாம்மா நிக்குது. எறங்க மாட்டேங்குது. இத்தனை பேர் முன்னால ‘எல்லாம் அவன் செயல்’னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே எனக்கு.”

வடிவம்மை அரிவாள்மணையை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

“நல்லவேளை, சொல்லல,” என்றார். “சொல்லியிருந்தீங்கன்னா, அவங்க வெட்டுறதும் அவன் செயலாத்தான் போயிருக்கும்.”